எல்லார் மெயிலையும் தேடலுக்குள் கொட்டாதீர்கள்

"நம் நிறுவனத்தின் அறிவெல்லாம் மெயிலில்தான் இருக்கிறது. அதைத் தேடல் தளத்தோடு இணைத்துவிட்டால் யார் எதைக் கேட்டாலும் பதில் கிடைத்துவிடும்." சில ஆண்டுகளாக ஐடி துறைக் கூட்டங்களில் இந்தப் பேச்சு மறுப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே இன்னொன்றும் வரும்: "கனெக்டர் ரெடியாகவே இருக்கிறது சார், அரை நாள் வேலை." மேலாளர்கள் தலையசைக்கிறார்கள். பட்ஜெட் ஒதுக்கப்படுகிறது. அந்த மெயில்களை எழுதியவர்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மின்னஞ்சலைத் தேடல் தளங்களோடு இணைக்கும் கனெக்டர்களைப் போட்டுக் கொடுக்கிற வேலையில்தான் நான் இருக்கிறேன். அந்த வேலையின் உள்ளே நின்றுகொண்டே சொல்கிறேன்: ஒரு நிறுவனத்தின் எல்லா மெயில் பெட்டிகளையும் ஒரே இண்டெக்ஸில் ஏற்றுவது தவறு. செட்டிங்கை மாற்றிப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடக்கூடிய குறை இது இல்லை, திட்டமே பிசகு. தனக்கென்று தெளிவான வேலை உள்ள ஒரு பொதுப் பெட்டியை இணைப்பது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அரை நாளில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் இயங்கும் ஒரு அலுவலகத்தின் ஜிமெயிலை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தளத்துக்குள் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் தொடங்க வேண்டும். அதில் ஜிமெயில் ஏபிஐ, அட்மின் எஸ்டிகே ஏபிஐ இரண்டையும் இயக்க வேண்டும். ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கி, அதன் சாவியை ஜேசான் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அட்மின் கன்சோலுக்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் ஏபிஐ கட்டுப்பாடுகளைத் திறந்து, டொமைன் முழுவதற்கும் அதிகாரம் ஒப்படைக்கிற பக்கத்தில் அந்த அக்கவுண்டின் எண்ணை ஒட்ட வேண்டும். மெயிலைப் படிக்கும் அனுமதியையும் பயனர் பட்டியலைப் படிக்கும் அனுமதியையும் கீழே எழுதி, பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பொத்தான் அழுத்தப்பட்ட பிறகு, பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட அந்தச் சின்னக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர், டொமைனில் உள்ள எந்த ஊழியராகவும் தன்னைக் காட்டிக்கொண்டு அவருடைய மெயிலைப் படிக்கலாம். நிர்வாக இயக்குநர், கணக்குப் பிரிவு, மனிதவளத் துறை, நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர் என்று எல்லோர் பெட்டியும் இதில் அடக்கம். "இந்தச் செயலி உங்கள் மெயிலைப் படிக்க அனுமதி கேட்கிறது" என்று ஊழியர் யாருக்கும் ஒரு திரை வராது. ஒருவருக்கும் தகவல் போகாது. இந்த அதிகாரத்தை ஒரு துறைக்கு மட்டும் என்று சுருக்கவும் கூகுளில் வழி கிடையாது. கொடுத்தால் டொமைன் முழுக்கக் கொடுத்ததுதான்.

மைக்ரோசாப்ட் பக்கமும் கதை இதுதான். ஒரு செயலிக்கு மெயில் படிக்கும் அனுமதியைச் செயலி அளவில் கொடுத்தால், இயல்பாகவே அது அந்த நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும். குறிப்பிட்ட பெட்டிகளோடு நிறுத்த, அதன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்சில் தனியாகக் கொள்கை எழுத வேண்டும். அந்த வசதி இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் கனெக்டரைப் போட வருகிற பலர் அதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அது இல்லாமலேயே கனெக்டர் ஓடும். பழைய எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் வழியாகப் போகிற கனெக்டர்கள் கேட்கிற அனுமதியின் பெயரிலேயே முழு அணுகல் என்று இருக்கும். அந்த வழியை 2026 அக்டோபர் முதல் மூடத் தொடங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருப்பதால், இப்போது பல இடங்களில் எல்லாவற்றையும் மாற்றி அமைக்கிறார்கள். சுருக்கிக்கொள்ள நல்ல வாய்ப்பு இது. பழைய அகலத்தையே புதிய ஏபிஐயில் மறுபடி போட்டுவிட்டுப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

"படிக்கும் அனுமதி மட்டும்தானே, எதையும் மாற்ற முடியாதே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். மெயிலில் ஆபத்து படிப்பதில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு பெட்டியை நினைத்துப் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வொரு அலுவலகத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவரின் அடையாளம், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. நடைமுறையில் அந்தப் புகார் எங்கே வருகிறது? குழுத் தலைவரின் மெயில் பெட்டிக்கு. டொமைன் முழுக்க இணைத்துவிட்ட நாளில் அந்தப் புகார், அதோடு வந்த ஸ்கிரீன்ஷாட்டுகள், குழுவினர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கருத்துகள் எல்லாம் இன்னொரு சர்வரில், இன்னொரு அட்மின் கையில், நகலாகப் போய் உட்கார்கின்றன. இதற்கு ஒப்புக்கொண்டது யார்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் தயாராக வைத்திருக்கிற பதில், ஆவண அளவிலான பாதுகாப்பு. ஒவ்வொரு மெயிலோடும் அதைப் பார்க்கத் தகுதியுள்ளவர் யார் என்ற பட்டியலும் ஏறும், தேடுகிறவருக்கு அவர் பார்க்கத்தக்கது மட்டுமே வரும் என்பார்கள். தொழில்நுட்பம் உண்மையானது. எலாஸ்டிக்கில் அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்கள் மட்டும் இவ்வளவு எளிதாக அதன்மேல் சாய மாட்டார்கள். அது இலவசப் பதிப்பில் கிடையாது. மெயிலை இழுக்கும் சின்க் (ஒத்திசைவு) ஒன்று, அனுமதிகளை இழுக்கும் சின்க் தனியாக இன்னொன்று. இரண்டாவது ஓடாவிட்டால் பட்டியல் பழசாகிவிடும். அதையும் தாண்டி, தேடல் பெட்டியை ஊழியருக்குக் காட்டுகிற செயலி, தேடுகிறவர் யார் என்று பார்த்து அவருடைய அனுமதிக்குக் கட்டுப்பட்ட சாவியோடுதான் கேள்வியை அனுப்ப வேண்டும். அவசரத்தில் ஒரு டெவலப்பர் இண்டெக்ஸ் முழுவதையும் படிக்கக்கூடிய சாவியைச் செயலிக்குள் வைத்துவிட்டால், அத்தனை பாதுகாப்பும் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. தேடல் முன்னைவிட நன்றாக வேலை செய்வதாகத்தான் தோன்றும்.

இதெல்லாம் பிசகாமல் நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன கிடைத்தது? ஒவ்வொருவரும் அவரவர் மெயிலைத் தேடலாம். அந்த வசதி ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் ஏற்கனவே இருக்கிறது, இதைவிட நன்றாகவே இருக்கிறது. அனுமதிகளை மதித்தால், "நிறுவனத்தின் அறிவு எல்லோருக்கும்" என்ற வாக்குறுதி நிறைவேறாது. வாக்குறுதி நிறைவேற வேண்டுமானால் ஒருவர் மெயிலை இன்னொருவர் படித்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி எதையும் கனெக்டர் விற்பவர்கள் எனக்குக் காட்டியதில்லை. விளக்கப் படங்களில் முதல் பக்கம் ஒன்றைச் சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றிய பக்கம் அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே இந்தத் திட்டம் ஆட்டம் கண்டுவிடும்.

மெயிலையும் கோப்புகளையும் டிக்கெட்டுகளையும் ஒரே இடத்தில் தேடலாமே என்று ஒரு லாபம் சொல்வார்கள். உண்மைதான், சின்ன லாபம்தான் என்றாலும் லாபம்தான். அதற்கு ஊழியர் தானே விரும்பித் தன் பெட்டியை மட்டும் இணைத்துக்கொள்ளும் வழி போதும். அனுமதித் திரை அவருக்கு வரும், வேண்டாம் என்று தோன்றினால் அவரே திரும்பப் பெறலாம். டொமைன் சாவி எதற்கு?

யார் பார்த்தார்கள் என்ற கணக்கையும் கேட்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2019 முதல் பெட்டிகளின் தணிக்கைப் பதிவு இயல்பாகவே இயங்குகிறது. ஒரு அட்மின் இன்னொருவர் பெட்டிக்குள் நுழைந்தால் தடம் விழும். கூகுள் வால்ட்டில் தேடினாலும் தடம் விழும். அதே மெயிலின் நகல் தேடல் தளத்துக்குப் போனபின், அங்கே யார் என்ன தேடினார்கள் என்ற பதிவு எலாஸ்டிக்சர்ச்சில் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் கட்டணப் பதிப்பில்தான் வரும். பூட்டிய அறையில் இருந்த பொருளை எடுத்துக் கதவில்லாத தாழ்வாரத்தில் வைத்ததற்கு ஒப்பானது இது.

இப்போது அறிவு என்ற வாதத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் நல்ல மனம் கொண்டவர்கள்கூட இதை நம்புகிறார்கள். அனுபவசாலி ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவர் தலையில் இருந்ததெல்லாம் மெயிலிலாவது இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல் மில்லிலிருந்து மெயில் வருகிறது: 30-ஆம் நம்பர் கோம்டு நூல் கிலோ 312 ரூபாய். வாங்குகிறவர் குறைக்கச் சொல்லிப் பதில் போடுகிறார். அந்தப் பதிலுக்குக் கீழே முதல் மெயில் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மில்காரர் முடியாது என்கிறார். கீழே முந்தைய இரண்டும் இருக்கின்றன. இப்படியே ஆறு மெயில்கள். நடுவில் ஒருநாள் போனில் பேசி 298-க்கு முடித்துக்கொள்கிறார்கள். ஏழாவது மெயில் இப்படி வருகிறது: "சார், போனில் பேசியபடி கன்ஃபர்ம் செய்கிறோம்." கீழே மீண்டும் பழையது அத்தனையும்.

இந்த ஏழையும் இண்டெக்ஸில் ஏற்றுங்கள். 312 என்ற எண் ஏழு ஆவணங்களிலும் இருக்கிறது. 298 ஓர் ஆவணத்திலும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒருவர் "கோம்டு நூல் என்ன விலைக்கு வாங்கினோம்" என்று தேடுகிறார். தேடல் தளம் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, நிராகரிக்கப்பட்ட விலையை ஏழு சான்றுகளோடு நீட்டுகிறது. மேலே ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியையும் உட்கார்த்தியிருந்தால் அது அழகான ஒரே வரியில் தவறைச் சொல்லும். சரியான விலை பில்லில் இருக்கிறது, பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது, கணக்கு மென்பொருளில் இருக்கிறது. மெயிலில் இருப்பது பேரம்.

மெயில் தன் இயல்பிலேயே இப்படித்தான். நடுவழியில் நடந்த பேச்சு அதில் பதிவாகிறது. முடிவு பெரும்பாலும் வேறெங்கோ எடுக்கப்படுகிறது. அதன் வடிவமும் தேடலுக்கு உதவுவதாக இல்லை. ஒரே செய்தி சாதா எழுத்தாகவும் எச்டிஎம்எல்லாகவும் இரண்டு முறை உள்ளே இருக்கும். கையொப்பம், முகவரி, "இது ரகசியத் தகவல், தவறாக வந்திருந்தால் அழித்துவிடவும்" என்கிற சட்ட அறிவிப்பு ஆகியவை ஒவ்வொரு மெயிலிலும் திரும்பத் திரும்ப வரும். 40 பேருக்குப் போன சுற்றறிக்கை 40 பெட்டிகளில் 40 நகலாகக் கிடக்கும். மெசேஜ்-ஐடியை வைத்து ஒன்றாக்கத் தெரியாத கனெக்டர் அதை 40 ஆவணமாக ஏற்றும். ஒன்றாக்கினாலோ, அந்த ஒரே ஆவணத்துக்கு 40 பேரின் அனுமதியையும் பொருத்த வேண்டும். மறைநகல் பெற்றவர் யாரென்று மற்றவருக்குத் தெரிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைப்பாக வந்த பிடிஎஃப் ஸ்கேன் செய்யப்பட்டதாக இருந்தால் எழுத்துணரி இல்லாமல் அதற்குள் ஒரு சொல்லும் கிடைக்காது.

தமிழில் எழுதப்பட்ட மெயில்கள் இன்னும் மோசமாகச் சிக்குகின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாப், டாம் என்ற எழுத்துருக் குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது; அயலகத் தமிழர்களிடையே டிஸ்கி என்ற குறியேற்றம் பரவலாக இருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. இந்தப் பழைய குறியேற்றங்களில் எழுதிய தமிழ் மெயில்களும் கோப்புகளும் யூனிகோடை எதிர்பார்க்கும் கணினிக்குப் பொருளற்ற குறிகளின் வரிசைதான். யூனிகோடில் தட்டச்சிட்டுத் தேடினால் அவற்றில் ஒன்றும் அகப்படாது. புதிய மெயில்களிலும் "ஒப்பந்தம்" என்று தேடினால் "ஒப்பந்தத்தில்", "ஒப்பந்தத்தின்படி" என்று எழுதியவை விடுபடும், சொல்லின் வேரைப் பிரித்தறியும் பகுப்பானைத் தேர்ந்து அமைத்திருந்தால் ஒழிய. நம் ஊர் அலுவலகங்களில் பாதித் தமிழ் ஆங்கில எழுத்தில் எழுதப்படுகிறது, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். அரை நாள் வேலை என்று சொல்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

சின்க் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: ஒருமுறை முழுதாக இழுத்துவிட்டால் பிறகு மாற்றங்கள் தானாக வந்துகொண்டிருக்கும் என்று. ஜிமெயிலில் கனெக்டர் கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு வரலாற்று எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. அதிலிருந்து நடந்த மாற்றங்களைக் கேட்கிறது. அந்த வரலாற்றைக் கூகுள் வழக்கமாக ஒரு வார அளவுக்குத்தான் உறுதியளிக்கிறது. கனெக்டர் நின்றுபோய் அதைத் தாண்டிவிட்டால் 404 என்று பதில் வரும். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். மைக்ரோசாப்டின் கிராஃப் ஏபிஐயில் மாற்றங்களை ஃபோல்டர் ஃபோல்டராகக் கேட்க வேண்டும். ஒரு மெயிலை ஊழியர் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் ஓரிடத்தில் நீக்கம், இன்னோரிடத்தில் புதுவரவு. ஐமேப் நெறிமுறை வழியாகப் போனால், சர்வர் தன் யுஐடி செல்லுபடி எண்ணை மாற்றுகிற நாளில் கையில் உள்ள எண்கள் அத்தனையும் வீண். இவற்றோடு வேகக் கட்டுப்பாடு வேறு: பல லட்சம் மெயில்களை முழுதாக இழுப்பது நாள்கணக்கில் போகும். ஆகவே முழு சின்க்கை யாரும் அடிக்கடி ஓட்டுவதில்லை.

இதில் அடிபடுவது நீக்கம். பல கனெக்டர்களின் அன்றாடச் சின்க் புதியதையும் மாறியதையும் கொண்டுவரும். அழிந்ததைக் கண்டுபிடித்து நீக்குவது முழு சின்க்கில்தான். ஓர் ஊழியர் தன் மனைவியின் மருத்துவ அறிக்கையைத் தவறுதலாக அலுவலக மெயிலில் பெற்று, உடனே அழித்துவிடுகிறார். ஜிமெயில் குப்பையில் 30 நாள் இருந்து அதுவும் போய்விடுகிறது. தன் பெட்டியில் அது இல்லை என்பதைப் பார்த்து அவர் நிம்மதியடைகிறார். தேடல் இண்டெக்ஸில் அது இருந்துகொண்டே இருக்கிறது. இண்டெக்ஸின் ஸ்னாப்ஷாட் காப்புகளிலும் இருக்கிறது. எலாஸ்டிக்கின் ஜிமெயில் கனெக்டரில் ஸ்பாமையும் குப்பையையும் சேர்த்து இழுக்கச் சொல்லும் விருப்பம் ஒன்றும் உண்டு. எல்லாம் வேண்டும் என்று கேட்டவருக்காக அதையும் டிக் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அழித்ததை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது; 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன, கடமைகள் கட்டம் கட்டமாக அமலாகின்றன. எங்கெங்கே நகல் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம் எதை அழிக்கும்?

"கம்பெனி மெயில் கம்பெனிக்குச் சொந்தம்" என்பார்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பார்கள். ருமேனியாவில் ஒரு பொறியாளரின் முதலாளியும் இதைத்தான் நினைத்தார். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கச் சொல்லி, 2007-இல் அதைக் கண்காணித்து, வருங்கால மனைவியோடும் சகோதரரோடும் அவர் பேசியதையெல்லாம் எடுத்து முன்னால் வைத்து வேலையைவிட்டு நீக்கினார். சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அந்த அலுவலகத்தில் எழுத்திலேயே இருந்தது. ஆனாலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய ஆயம் 2017 செப்டம்பர் 5 அன்று, பர்புலெஸ்கு எதிர் ருமேனியா வழக்கில், தனி வாழ்வுக்கான அவரது உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எவ்வளவு தூரம் போகும், செய்தியின் உள்ளடக்கத்தையே படிப்பார்களா என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதற்குச் சில நாள் முன்புதான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஊழியர் கையெழுத்துப் போட்டார் என்றே வைத்தாலும், மெயிலுக்கு இன்னொரு முனை இருக்கிறது. சம்பளத்தைக் குறிப்பிட்டு வேலைக்கு விண்ணப்பித்தவர், பணம் கட்டத் தவணை கேட்டுத் தன் குடும்பக் கஷ்டத்தை எழுதிய வாடிக்கையாளர், ஊழியரின் மகன் படிக்கும் பள்ளி இவர்கள் எந்தக் கையெழுத்தும் போடவில்லை. ஒருவரை நம்பி எழுதினார்கள். அந்த ஒருவர் படிக்க எழுதினார்கள்.

ஒரு நிறுவனத்தின் மெயிலை மொத்தமாகத் தேடக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு என்ரான் இருக்கிறது. 2001 டிசம்பரில் திவாலான அந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் மெயில்களை, விசாரணையின் பகுதியாக, அந்நாட்டு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003-இல் பொதுவெளியில் வைத்தது. பிறகு ஆய்வாளர்களுக்காகச் சீர்செய்யப்பட்ட தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறத்தாழ 5 லட்சம் மெயில்கள் இருக்கின்றன. மோசடியைத் தேடிப் போனவர்கள் அதில் விவாகரத்து வழக்கையும் காதலையும் நோயையும் குழந்தைகளின் பள்ளிச் சங்கதிகளையும் சமூகப் பாதுகாப்பு எண்களையும் கண்டார்கள். புகார்கள் வந்தபின் ஆணையம் ஒரு பகுதியை நீக்கியது. நகல்கள் அதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டன. எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாகாத பலரின் அந்தரங்கம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மென்பொருள் சோதனைக்குப் பயன்படும் மூலப்பொருளாகக் கிடக்கிறது. 2014-இல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட மெயில்களும் இப்படித்தான். முதலில் அவை பெரும் பொதிகளாக வெளிவந்தன. 2015 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் 1,73,132 மெயில்களைத் தேடக்கூடிய தொகுப்பாக வைத்த பிறகு, யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைத் தட்டி அந்த ஆளைப் பற்றி நிறுவனத்துக்குள் என்ன பேசினார்கள் என்று பார்க்கலாம் என்றானது. ஒரு பெரிய குவியலை ஆயுதமாக மாற்றுவது தேடல் வசதிதான். அந்த வசதியை நாமே பணம் கொடுத்து நமக்கெதிராகக் கட்டி வைக்கிறோம். திருடன் இனிப் பெட்டி பெட்டியாகத் துழாவ வேண்டியதில்லை.

மெயில் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு, இந்தத் திட்டக்காரர்கள் அதைப் பேசுவதே இல்லை. நிறுவனத்தின் கோப்புத் தளத்தில் வெளியாள் எழுத முடியாது. கணக்கு மென்பொருளில் எழுத முடியாது. மெயில் பெட்டிக்குள் மட்டும் முகவரி தெரிந்த எவரும் எதையும் எழுதிப் போடலாம். அதை அப்படியே இண்டெக்ஸில் ஏற்றி, அந்த இண்டெக்ஸை நம்பிப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவை மேலே வைத்தால், உங்கள் அறிவுக் களஞ்சியத்தில் எழுதும் உரிமையை ஊருக்கே கொடுத்ததாக அர்த்தம். 2025 ஜூனில் வெளிவந்த எக்கோலீக் என்ற பாதுகாப்புக் குறை இதைத்தான் காட்டியது. வெளியிலிருந்து வந்த ஒரு மெயிலில் மறைந்திருந்த கட்டளை, மைக்ரோசாப்ட் 365 கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நிறுவனத்தின் உள்தகவலை வெளியே கசியவிடத் தூண்டக்கூடியதாக இருந்தது. பெற்றவர் எந்த இணைப்பையும் சொடுக்கக்கூடத் தேவையில்லை. மைக்ரோசாப்ட் அந்தக் குறையை அடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி ஒரு ஓட்டை இருந்தது என்றால், அரை நாளில் போட்ட கனெக்டரின்மேல் கட்டிய உரையாடல் செயலியில் என்னென்ன இருக்கும் என்று யோசியுங்கள்.

இணைக்கவே கூடாதா என்று கேட்டால், இணைக்கலாம். புகார்கள் வரும் சப்போர்ட் பெட்டி, டெண்டர் பெட்டி, கொள்முதல் பெட்டி இவை ஒரு குழு சேர்ந்து படிக்கவே இருக்கின்றன. எழுதுகிறவருக்கும் தான் ஒரு துறைக்கு எழுதுகிறோம் என்று தெரியும். அந்தப் பெட்டியின் கணக்கிலேயே நுழைந்து அனுமதி கொடுங்கள். டொமைன் சாவியைத் தொடாதீர்கள். மைக்ரோசாப்ட் என்றால் அந்தப் பெட்டிகளோடு நிறுத்தும் கொள்கையை முதலில் எழுதி, வேறொரு பெட்டியைப் படிக்க முயன்று மறுக்கப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு கனெக்டரை இயக்குங்கள். மேற்கோளாக ஒட்டிவரும் பழைய மெயிலை வெட்டிவிட்டு, புதிதாக எழுதிய பகுதியை மட்டும் ஏற்றுங்கள். ஒரு சோதனை மெயிலை அழித்துவிட்டு, அது இண்டெக்ஸிலிருந்து எப்போது மறைகிறது என்று கவனியுங்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். தேடல் பதிவை இயக்குங்கள். எத்தனை ஆண்டு மெயில் வேண்டும் என்று எல்லை வையுங்கள். அந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்குப் புரிகிற மொழியில், என்ன நடக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் அறிவு வேண்டுமென்றால், போவதற்குள் அவரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். வேலை நேரத்திலேயே அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எந்த மில்லில் எந்த மாதம் நூல் தரம் தளரும், எந்த வாடிக்கையாளருக்கு எதை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று அவர் எழுதும் பத்துப் பக்கத்துக்கு அவருடைய பத்து வருட மெயில் ஈடாகாது. அதற்கு மேலாளர் நேரம் செலவழிக்க வேண்டும் என்பதுதான் கனெக்டர்மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கு உண்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்த வேலையைச் செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டொமைன் அனுமதிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி உங்களிடம் வருவார்கள். எந்தப் பெட்டி, எதற்காக, எத்தனை நாளுக்கு, யார் ஒப்புதலோடு என்று எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் வேண்டும்" என்று பதில் வந்தால் அந்தப் பொத்தானை அழுத்த மறுத்துவிடுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே கொடுங்கள்.